மூன்றாம் பக்கத்துச் சிரிப்பு

ஜனவரி 9

தம்பி நத்தைக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இல்லை. உன் மாமாவுக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. அவர் எதையும் காதில் வாங்குவதில்லை, அதனால். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி சொல்கிறபடி காலையில் கொஞ்சம் நட.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று போன தடவையும் எழுதியிருந்தாய். போனில் நீ "ம்", "ம்" என்று சொல்லியே தப்பித்துவிடுவாய். கடிதம் என்றால் எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். நாம் கொண்டாடும் பாட்டுக் குழுவின் இரட்டை இசைத்தட்டை மறுபதிப்புப் போட்டிருக்கிறார்கள். நானும் நீயும் நேரில் போய்க் கேட்ட அதே கச்சேரி. பெரிய பெட்டி, நாற்பது பக்கப் புத்தகம், இதுவரை வெளிவராத இரண்டு பாட்டு. வழக்கம்போல மாதத்தின் முதல் ஞாயிறு, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ரசிகர்கள் எட்டுப் பேர் கூடினோம். பெட்டியை நான்தான் பிரித்தேன்.

முதல் இரண்டு பக்கமும் சண்டை இல்லாமல் போயிற்று. கணக்கு டீச்சருக்கு ஒரே ஆனந்தம். "பேஸ் கிட்டார் இப்பத்தான் கேக்குது! இத்தனை வருஷமா அந்தாளு சும்மா நின்னுட்டிருந்தாருன்னுல்ல நெனச்சேன்" என்றாள். கண்டக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கைதட்டலைக் கொறைச்சுட்டாங்க. ஜனமே இல்லாத பஸ் மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு மூன்றாம் பக்கம். இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும். மெதுவான பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நாலு விநாடி அமைதி. அந்த நாலு விநாடியில் ஒரு பெண் சிரிப்பாள். மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சிரிப்பு, கடைசியில் ஒரு விக்கல். அது யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நீ. நாற்பத்தொரு வருடமாக அந்த விக்கலுக்குப் பிறகுதான் அந்தப் பாட்டு தொடங்குகிறது.

எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. துடைத்துவிட்ட தரை மாதிரி ஒரு அமைதி. உடனே பாட்டு.

"எங்க போச்சு?" என்று கண்டக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, உங்க சிரிப்பு எங்கக்கா போச்சு?"

இந்த வேலையைச் செய்தவன் எவனோ, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீ முப்பத்தைந்து வருடம் ரேடியோவில் ஒலிப்பதிவு அறையில் இருந்தவன். உனக்கு ஆட்களைத் தெரியும். அவன் யார் என்று விசாரித்து எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தூக்கம் கெட்டுப்போன,
உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. இவள் நலம், உங்கள் இருவரையும் விசாரித்தாள். மாமாவின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று?

மறுபதிப்பை நானும் கேட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. பழைய தட்டில் எல்லாப் பாட்டும் ஒரு மயிரிழை வேகமாக ஓடும். கச்சேரியைப் பதிந்த இரண்டு மெஷினில் ஒன்று அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது, அதனால் வந்த கோளாறு. அதை இப்போதுதான் சரிசெய்திருக்கிறார்கள். டிரம்ஸில் இடது பக்கத்துச் சின்னத் தாளம் தனியாகக் கேட்கிறதே, கவனித்தாயா? அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் தெரியுமா?

சிரிப்பு விஷயம் எனக்குத் தெரியவில்லை. பழைய டேப், பழுது ஏதாவது இருந்திருக்கும். அந்த வட்டாரத்தில் இப்போது எனக்கு யாரையும் பழக்கமில்லை. சின்னச் சின்ன டேப் வேலை வந்தால் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். தட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 1

நத்தைக்கு,

மாமாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடியைத் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் குறையில்லை.

நீ சொன்னதை அப்படியே நம்பாமல் பரிசோதித்தேன். பிளேயரின் தட்டு ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். மூன்று நிமிடத்துக்குச் சரியாக நூறு சுற்று. நான் பார்த்துப் பார்த்து மாற்றிய பெல்ட், அது தப்பாது. பழைய தட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பழையது வேகம்தான். இருக்கட்டும். நாற்பத்தொரு வருடம் ஒரு வேகத்தில் கேட்டால் அதுதான் அந்தப் பாட்டின் வேகம். இப்போது பாடகர் சாப்பிட்டுவிட்டு வந்து பாடுவது போலிருக்கிறது.

ஆமாம், இரண்டு மெஷின் என்று உனக்கு யார் சொன்னது? பெட்டியில் இருந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நாற்பது பக்கமும் படித்தேன். அதில் இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்தது. நான்கே வரி. "தேவையற்ற பார்வையாளர் ஓசைகள் நீக்கப்பட்டுள்ளன" என்கிறார்கள். தேவையற்ற பார்வையாளர் ஓசை. அது நான்.

கண்டக்டரின் மகள் இணையத்தில் தேடிக் கொடுத்தாள். முதல் அச்சு தீர்ந்துவிட்டதாம், ஆகஸ்ட் வாக்கில் இரண்டாம் அச்சு வருகிறதாம். பல நாட்டு ரசிகர்கள் அங்கே அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் மனைவிக்குக் கோபம் வந்தால் அந்தச் சிரிப்பைத்தான் போடுவேன், இனி நான் என்ன செய்வது?" இன்னொருவர், பழைய தட்டின் கீறல் சத்தம்கூட வேண்டும் என்கிறார். அது அவர் வீட்டுக் கீறல் என்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆள் ஒருவன், "முப்பது வருடமாக அந்தப் பெண்ணின் கழுத்தை நெரிக்க நினைத்தேன், நிம்மதி" என்று எழுதியிருக்கிறான். அவன் முகவரி கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் அச்சிலாவது சிரிப்பைச் சேர்க்கவேண்டும். கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டோம். இந்த அச்சில் அது வராவிட்டால் அப்புறம் எப்போதும் வராது. இனி வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்தத் துடைத்த தரையைத்தான் கேட்பார்கள்.

விடுவதாக இல்லை,
அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே ஒரு வாரமாக மழை. முட்டி மறுபடியும் தொந்தரவு செய்கிறது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

கையெழுத்து வாங்குவதாக எழுதியிருந்தாய். ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தச் சிரிப்பு தட்டிலிருந்து போனதில் உனக்குக் கொஞ்சம்கூட நிம்மதி இல்லையா?

தம்பி

மார்ச் 3

நத்தைக்கு,

உன் கால்முட்டி கையில் முளைத்ததா, எழுத முடியாமல் போவதற்கு?

நிம்மதியா? எனக்கா? எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். முப்பத்தாறு வருடம் ஒரு துணி ஆலையில் இருந்தேன். தையல் மெஷின்களை மல்லாத்திப் போட்டு நானாகக் கற்றுக்கொண்டு மெக்கானிக் ஆனேன். அங்கே என் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. என் சத்தம் மட்டும் உலகத்தில் எத்தனையோ வீட்டு அலமாரியில் இருந்தது. பார்த்திராத ஊர்க்காரன் மனைவியைச் சமாதானப்படுத்த என்னைப் போட்டுக் காட்டியிருக்கிறான். அது போனால் நிம்மதியாம். பேச்சைப் பார்.

மாமாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவன் என்னமோ மறைக்கிறான்" என்றார். எதையும் காதில் வாங்காத மனிதருக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

இன்று மாலை புதிய தட்டையும் பழைய தட்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறேன். ஊசி முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். பள்ளத்திலேயே ஏதாவது தெரியும்.

அக்கா

மார்ச் 4

நான்காம் பக்கம். கடைசிப் பாட்டு முடிந்து நடுக் காகிதம் தொடங்குவதற்கு முன்னால், பாட்டே இல்லாத ஒரு வழவழப்பான வளையம் இருக்கிறது. வேலை செய்தவர்கள் தங்கள் அடையாளத்தை அங்கேதான் கீறி வைப்பார்கள். புதிய தட்டில் அங்கே அரிசி அளவுக்கு ஒரு நத்தை இருக்கிறது.

அதற்கு மூன்று கொம்பு.

நத்தைக்கு மூன்று கொம்பு வரைகிறவன் உலகத்தில் ஒருவன்தான். பள்ளிக்கூட நோட்டில் இருந்து எனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 30

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ நன்றாக இருக்கவேண்டும்.

நான்தான் செய்தேன். போன வருடம் முழுவதும் அந்த வேலைதான். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்து, தட்டு வந்த பிறகு ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று, பாராட்டித்தான் எழுதியிருப்பாய் என்று சிரித்துக்கொண்டே பிரித்தேன். இவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பஞ்சு அடைத்துக்கொண்டு என்ற இடத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத்தான்.

அந்தப் பழைய டேப்புகளை மிதமான சூட்டில் வைத்து ஈரம் போக்கினால்தான் ஓட்டவே முடியும். ஓட்டினேன். மூன்றாவது டேப்பில் நீ சிரித்தாய். எனக்குக் கை நின்றுவிட்டது.

கம்பெனி அதை எடுக்கச் சொல்லவில்லை. நானேதான் எடுத்தேன். அவர்கள் உனக்கு எழுதியது, நான் குறித்துக் கொடுத்த வார்த்தை.

ஏன் என்று சொல்கிறேன். தட்டு வெளிவந்த அந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அதை வாங்கி வந்து வீட்டில் போட்டேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். அப்பா செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் ஓடும்போது கையை நிறுத்தி, "டேய், அதைத் திரும்பப் போடு" என்றார்.

"எதைப்பா?"

"அந்தப் பொண்ணு சிரிச்சுதே, அதை."

போட்டேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான். இரண்டாம் தடவையும் போடச் சொன்னார், போட்டேன். "இது அவ ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போன அன்னிக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் உன் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. பெரிய பட்டறையில் ஒரு வருட மெக்கானிக் பயிற்சி, அதுவும் வெளியூரில். "பொய் சொல்லிட்டுப் பாட்டுக்குப் போறவளுக்கு வெளியூர் எதுக்கு?" என்று அப்பா நிறுத்திவிட்டார். நீ மறுபடியும் காலர் தைக்கப் போனாய். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அந்தச் சிரிப்பை எப்போது கேட்டாலும் எனக்கு அப்பா பாலிஷ் பிரஷை நிறுத்திய கைதான் தெரியும். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் காட்டிக்கொடுத்ததை நானே எடுத்துவிடலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்து, உன் விசிலையும் விக்கலையும் துளித்துளியாக எடுத்தேன்.

இரண்டாம் அச்சுக்கான பிரதியை ஜூன் கடைசிக்குள் அனுப்பவேண்டும். நீ சொன்னால் திரும்பச் சேர்க்கிறேன். உன் வாயால் கேட்காமல் இனி அதைத் தொடமாட்டேன்.

நத்தை

ஏப்ரல் 26

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமாவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கா, நல்லா சாப்பிடறா, நாலு நாளா ஒரே தட்டைப் போட்டுட்டிருக்கா, மேல எதுவும் என்கிட்ட கேக்காதே" என்று வைத்துவிட்டார்.

ஜூன் கடைசி என்று எழுதியிருந்தேன். நினைவூட்டத்தான் இந்தக் கடிதம்.

நத்தை

மே 8

நத்தைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததற்கு அவளுக்கு என் தனிப்பட்ட அன்பைச் சொல். அந்த வீட்டில் காது உள்ளவள் அவள் ஒருத்திதான்.

பதில் போடாதது கோபத்தால்தான், மறைக்கவில்லை. அழித்ததற்குக் கோபம் ஜனவரியிலேயே பட்டுவிட்டேன். இது வேறு. நாற்பத்தொரு வருடமாக இதை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குமைந்திருக்கிறாய், ஒரு தடவை என்னைக் கேட்டாயா? நீயாக ஒரு கதை கட்டி, நீயாகத் தீர்ப்புச் சொல்லி, கடைசியில் என் விக்கலைத் தூக்கில் போட்டிருக்கிறாய்.

இப்போது கேட்டுக்கொள்.

அந்தப் பயிற்சிக்குப் போனது எங்கள் ஆலையிலிருந்து மூன்று பேர். இரண்டு வருடத்துக்குள் மூவரும் வேலையை விட்டார்கள். நான் மதிய உணவு நேரத்தில் பழுதான மெஷினைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது வருடம் மெக்கானிக் பைத்தியம் என்றார்கள், பத்தாவது வருடம் மெக்கானிக் என்றார்கள். யாரிடமும் கையேந்தவில்லை. அப்பா மேல் கோபம் இருந்தது, ஏழு மாதம் பேசவில்லை. உன் மேல் எதற்குக் கோபப்படவேண்டும்? அந்தத் தட்டை நீ வாங்கி வராவிட்டால் நானே வாங்கியிருப்பேன். நானே முதல் வேலையாக மூன்றாம் பக்கத்தைப் போட்டிருப்பேன்.

நீ ரேடியோ வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனாய் அல்லவா, அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா மரக்கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தார். ஒரு நாள் நான் ஆலையிலிருந்து திரும்பி வருகிறேன். கூடத்தில் அவரும் கிடங்கில் வேலை பார்த்த சிநேகிதரும். அப்பா பிளேயர் முன்னால் குனிந்து நிற்கிறார்.

"கொஞ்சம் இருங்க, ஒண்ணு போட்டுக் காட்டறேன்" என்கிறார்.

ஊசியை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு முடியும் இடத்தில் குறி தப்பாமல் வைக்கிறார். என் சிரிப்பு வருகிறது. விக்கல் முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிடுகிறார். பாட்டு ஒரு துளி காதில் விழக்கூடாது, அவருக்கு நம் குழுவை அறவே பிடிக்காது.

"யாரு தெரியுதா?" என்கிறார்.

"யாருங்க?"

"என் பொண்ணு. உலகம் பூரா விக்குது."

சிநேகிதர், "சிரிப்புக்கா ரெக்கார்டு போட்டாங்க?" என்று கேட்டார். "பாட்டும் இருக்கு. அது சும்மா கூடவே வர்றது" என்றார் அப்பா.

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போயிருந்தால் சங்கடப்பட்டிருப்பார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதுதான். மீட்டர் கணக்கெடுக்க வந்தவரைக்கூட விடவில்லை. அவர் இருந்த பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்தில் மட்டும் தட்டு தேய்ந்து வெளுத்துவிட்டது. என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. நீ கேட்காமல் இருந்தது எங்கிருந்து வந்த பழக்கம் என்று இதை எழுதும்போது புரிகிறது. அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நான்கு நாளாக ஒரே தட்டைப் போட்டதாக மாமா சொன்னாரே, அந்தத் தட்டுதான். சிரிப்பு இப்போது மணல் கொட்டுகிற மாதிரி கேட்கிறது. எனவே நல்ல பிரதி எனக்கு வேண்டும். திரும்பச் சேர். விசில் உட்பட, விக்கல் உட்பட.

பேஸ் கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. டீச்சரிடம் இதைச் சொல்லிவிடாதே.

அக்கா

ஜூன் 14

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று இவளைக் கேள். "சிரிப்புக்கா ரெக்கார்டு போட்டாங்க" இந்த வீட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. மழையால் வந்தது என்று நினைத்திருந்தேன்.

மூல டேப்பை மறுபடி எடுத்தேன். ஒரு சமாசாரம். பழைய தட்டில் உன் சிரிப்பு நான்கு விநாடி. அந்தக் காலத்திலேயே அதை வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள். டேப்பில் நீ பதினொரு விநாடி சிரிக்கிறாய். நாம் கேட்டது முதல் விக்கல்தான், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருகிறது. நடுவில் பாடகர் மைக்கிலிருந்து தள்ளி நின்று "யாரது?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு அவரும் சிரிக்கிறார். பின்னால் டிரம்ஸ்காரர் ஒரு தட்டு தட்டுகிறார். கம்பெனி ஆட்களுக்குப் போட்டுக் காட்டினேன். இது இருப்பதே தெரியாதே என்று குதிக்கிறார்கள். அவர்களிடம் இருநூற்று முப்பது கையெழுத்தோடு உங்கள் மனுவும் வந்திருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் உன் கையெழுத்து.

நான்கு விநாடியா, பதினொன்றா? உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உடனே எழுது, இருபத்தெட்டாம் தேதி அனுப்பவேண்டும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும், இதுவும் நான் கேட்காமல் விட்டதுதான். அன்றைக்கு எதைப் பார்த்து அப்படிச் சிரித்தாய்?

நத்தை

ஜூன் 19

பதினொன்று.

அக்கா

ஆகஸ்ட் 5

தம்பி நத்தைக்கு,

இங்கே எல்லோரும் உற்சாகமாக இருக்கிறோம், நீயும் அவளும் அப்படியே இருப்பீர்கள் என்று உன் எழுத்திலேயே தெரிந்தது. இரண்டாம் அச்சு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போட்டோம்.

டாக்டரின் அறையில் எட்டு நாற்காலிதான் உண்டு. வந்தது இருபத்திரண்டு பேர். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். பல் பிடுங்கும் நாற்காலியையும் உள்ளிருந்து உருட்டி வந்து அதில் உன் மாமாவைச் சாய்த்து உட்காரவைத்தார் டாக்டர். "வாயைத் தெறக்காதீங்க, பழக்கதோஷத்துல எதையாவது புடுங்கிருவேன்" என்றார்.

மூன்றாம் பக்கம். இரண்டாவது பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது. விசில் வந்தது. நான் வந்தேன். முதல் விக்கலில் எல்லோரும் கைதட்டப் போனார்கள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இரண்டாவது விக்கல். "யாரது?" மூன்றாவது விக்கல். பாடகர் சிரித்தார். அந்த அறையில் யாருக்கும் பாட்டு காதில் விழவில்லை. டாக்டர் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார், பிறகும் வைத்தார். பாட்டு வரும்முன் அவர் ஊசியைத் தூக்கிய விதத்தைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டாள். "எதைப் பாத்துக்கா அப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்டாள். நீ கேட்டதையே கேட்டதால் இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்.

அந்த இரண்டாவது பாட்டு முழுக்க நீ நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாய். கண்ணை இறுக்கி மூடியிருந்தாய். கையில் இல்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தாய். பாட்டு முடிந்தது. கைதட்டி முடித்தார்கள். எட்டாயிரம் பேர் கப்சிப். நீ மட்டும் நிறுத்தவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, நாக்கை ஒரு ஓரத்தில் கடித்துக்கொண்டு, நடுநிசப்தத்தில் வாசித்துக்கொண்டே இருந்தாய். பின்வரிசைக்காரர் உன் முதுகைத் தட்டி, "தம்பி, அவங்க முடிச்சுட்டாங்க, நீங்க எப்ப முடிப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நீ கண்ணைத் திறக்காமல் "இன்னும் கொஞ்சம்" என்றாய்.

அதற்குத்தான் சிரித்தேன். பதினொரு விநாடி போதாது.

இதைக் கேட்டதும் அறையில் எழுந்த சத்தத்துக்கு மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார். எல்லோரும் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

ஒரே ஒரு மனஸ்தாபம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கண்டக்டர் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பழைய நாலு செகண்டுதான் சிரிப்பு. இது கொஞ்சம் நீட்டிட்டாங்க" என்றார். சிரித்தவள் நான், என்னிடமே! "நீட்டலைங்க, நான் அவ்வளவு நேரம் சிரிச்சேன்" என்றேன். "இருக்கலாம்க்கா. ஆனா ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்று நகர்ந்துவிட்டார். இணையத்திலும் இப்போது இதே சண்டையாம். பதினொரு விநாடி போலி, எவளையோ வைத்துப் புதிதாகச் சிரிக்கவைத்திருக்கிறார்கள் என்று ஒருவன் ஆறு பக்கம் எழுதியிருக்கிறானாம். முன்பு கழுத்தை நெரிக்க நினைத்தவனேதான். பழைய சிரிப்பைத் திருப்பிக் கொடு என்கிறான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், இதை முடித்துவிட்டு.

இங்கே எண்ணிப் பார்த்ததில் கண்டக்டர் பக்கம் நான்கு பேர், என் பக்கம் பதினெட்டு. அடுத்த மாதம் முதல் ஞாயிறு நீயும் அவளும் வந்தால் இருபது. வந்துவிடு, காரணம் எதுவும் எழுதாதே. முட்டிக்குத்தான் ஒன்றுமில்லையே, நாற்காலி மேல் ஏறி நிற்கலாம். டாக்டரிடம் சொல்லி உறுதியானதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசி, யாரும் உன் முதுகைத் தட்டமாட்டார்கள். நான் சிரிக்கமாட்டேன் என்று மட்டும் எழுதித் தரமாட்டேன்.

உன் வருகைக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கும்,
அக்கா